கழிவறையில் கரையும் காசும் தண்ணீரும்

கண்டபடி செலவு செய்பவனைப் பார்த்து, "பணத்தைத் தண்ணியா செலவழிக்கிறான்" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். தண்ணீர் விலையில்லாப் பொருளாக இருந்த காலத்தில் பிறந்த பேச்சு அது. இன்று லாரித் தண்ணீருக்குப் பணம், கேன் தண்ணீருக்குப் பணம், போர் போடப் பணம், அதில் தண்ணீர் வற்றினால் இன்னும் ஆழமாகத் தோண்டப் பணம். ஆனாலும் பேச்சு மாறவில்லை. பேச்சு மாறாவிட்டால் பரவாயில்லை. பழக்கமும் மாறவில்லை என்பதுதான் வேதனை!

ஒரு வீட்டில் எதற்கு அதிகத் தண்ணீர் செலவாகிறது என்று கேட்டால் குளிக்க என்பார்கள், துணி துவைக்க என்பார்கள், பாத்திரம் கழுவ என்பார்கள். கழிவறைக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதைப் பற்றிப் பேசுவதற்கே கூச்சம். கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் செலவு என்பதால் கணக்கும் கதவுக்கு உள்ளேயே நின்றுவிடுகிறது.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 1172-ஆம் எண் தரநிலை, நகரத்து வீட்டில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் தேவை என்கிறது. அதில் 45 லிட்டரைக் கழிவறையில் ஊற்றுவதற்காக ஒதுக்குகிறது. அதாவது மூன்றில் ஒரு பங்கு! குடிக்கவும் சமைக்கவும் ஆகிற தண்ணீரைவிட இது பல மடங்கு அதிகம். வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு மூன்று குடத்திலும் ஒரு குடம் நேராகக் கோப்பைக்குள் போகிறது. அதற்காகவே தனியாக அழுக்குத் தண்ணீர் வருகிறதா என்றால் இல்லை. குடிக்கும் தண்ணீரே போகிறது.

அனுப்பம்பட்டிலிருந்து பழவேற்காடு வரை

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் மீஞ்சூரைத் தாண்டியதும் வருகிற ஊர் அனுப்பம்பட்டு. அதற்கு அடுத்த நிறுத்தம் பொன்னேரி. அங்கிருந்து கிழக்கே சாலை வழியாகப் போனால் பழவேற்காடு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல் திட்டுகளில் மீனவக் குப்பங்கள். தண்ணீரைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. ஏனென்றால் சென்னை நகரம் தண்ணீருக்காகச் செய்த தவறுகள் எல்லாம் இந்தப் பகுதியில்தான் பதிவாகியிருக்கின்றன.

ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பாயும் இந்தப் பகுதியின் மண்ணுக்கடியில் நல்ல நீர் இருப்பது 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நடந்த ஆய்வில் தெரியவந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் கிணறுகள் வெட்டப்பட்டன. சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் போனது. அளவுக்கு மீறி உறிஞ்ச உறிஞ்ச, நல்ல நீர் இருந்த இடத்துக்குள் கடல் நீர் புகுந்தது. முதலில் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான் உப்பு இருந்தது. பிறகு அது பத்து கிலோமீட்டரையும் தாண்டி உள்ளே வந்தது. 1987-ல் சென்னை மாநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்ததற்கு இந்த உப்பும் ஒரு காரணம். சட்டம் வந்த பிறகும் வயல் கிணறுகளிலிருந்து லாரிகள் தண்ணீர் எடுப்பது நின்றுவிடவில்லை. 2000களின் தொடக்கத்தில் இந்தப் படுகையின் விவசாயிகளிடம் சென்னைக் குடிநீர் வாரியமே தண்ணீரை விலைக்கு வாங்கியது.

நிலத்தடி நீர் போதாது என்றான பிறகு கடலில் கை வைத்தார்கள். 2010 ஜூலையில் காட்டுப்பள்ளியில் மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை திறக்கப்பட்டது. நாளைக்கு 10 கோடி லிட்டர். தண்ணீர் போவது வட சென்னைக்கு. ஆலை இருப்பது மீனவர்களின் கரையில். இப்படிப்பட்ட ஆலைகளில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்தால் ஒரு லிட்டருக்கும் மேலான உப்புக் கரைசல் கடலுக்கே திரும்பிப் போகும். மீன் பிடிக்கிறவனின் கடல் அது.

இப்போது கேள்வி இதுதான். இத்தனை பாடுபட்டு, மண்ணை உப்பாக்கி, கடலைக் காய்ச்சாத குறையாக வடிகட்டிக் கொண்டுவரும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை எதற்குச் செலவழிக்கிறோம்? ஒரு பட்டனை அழுத்திக் கீழே தள்ளுவதற்கு!

காகிதத்தில் ஒரு கணக்கு

வெறும் ஆவேசம் வேண்டாம். கணக்கே போட்டுப் பார்ப்போம். ஐந்து பேர் உள்ள ஒரு வீடு. ஒவ்வொருவரும் நாளைக்கு ஒரு முறை மலம் கழிக்கவும் நான்கு முறை சிறுநீர் கழிக்கவும் போகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 25 முறை.

பழைய பத்து லிட்டர் ஃபிளஷ் டேங்க் என்றால் ஒவ்வொரு முறையும் பத்து லிட்டர். நாளைக்கு 250 லிட்டர். மாதத்துக்கு 7,500 லிட்டர். தண்ணீர் லாரிகளில் 12,000 லிட்டர் பிடிக்கிற பெரிய லாரி இருக்கிறதே, அதில் பாதிக்கும் மேல்!

இரண்டு பட்டன் உள்ள டேங்க் என்றால் பெரிய பட்டனுக்கு 6 லிட்டர், சின்ன பட்டனுக்கு 3 லிட்டர். ஐந்து முறை பெரியது 30 லிட்டர், இருபது முறை சின்னது 60 லிட்டர். நாளைக்கு 90 லிட்டர். மாதத்துக்கு 2,700 லிட்டர்.

டேங்கே இல்லாமல், கிராமத்துக் கழிவறைக்கென்று வடிவமைத்த சரிவான கோப்பையில் கையால் ஊற்றினால், மலத்துக்கு 2 லிட்டர், சிறுநீருக்கு ஒரு மக் போதும். நாளைக்கு 30 லிட்டர். மாதத்துக்கு 900 லிட்டர்.

ஒரு பிளாஸ்டிக் குடத்தில் சுமார் 15 லிட்டர் பிடிக்கும். முதல் வீட்டுக்குக் கழிவறைக்கு மட்டும் நாளைக்குப் பதினேழு குடம். இரண்டாவது வீட்டுக்கு ஆறு குடம். மூன்றாவது வீட்டுக்கு இரண்டு குடம். மூன்று வீடுகளும் ஒரே அளவு சுத்தம்தான். கை கால் கழுவுகிற தண்ணீர் இந்தக் கணக்கில் இல்லை. அது எல்லா வீட்டுக்கும் ஒன்றே. அதில் குறைக்கவும் கூடாது.

ரூபாயில் என்ன ஆகும்? மீஞ்சூர் ஆலை திறந்தபோது குடிநீர் வாரியம் ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு கொடுத்து வாங்க ஒப்பந்தம் செய்திருந்தது. அந்தப் பழைய விலையிலேயே ஒரு பத்து லிட்டர் ஃபிளஷ் கிட்டத்தட்ட ஐம்பது காசு. முதல் வீட்டின் கழிவறைக்கு மாதம் 365 ரூபாய். இரண்டாவது வீட்டுக்கு 131 ரூபாய். மூன்றாவது வீட்டுக்கு 44 ரூபாய். முதல் வீடு இரண்டாவது வீட்டைப்போல மாறினால் வருடத்துக்கு 2,800 ரூபாய் மிச்சம். கடல் நீரைச் சுத்திகரிக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் ஆகும். முதல் வீட்டின் கழிவறைக்காக மட்டும் மாதம் 25 யூனிட் போல எரிகிறது.

"எங்கள் வீட்டுக்கு இவ்வளவு பில் வருவதில்லையே" என்று கேட்கலாம். வராது. அதுதான் சூழ்ச்சி! சொந்த போர் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2016-லிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் மின்சாரம் இலவசம். மோட்டாரைப் போட்டால் தண்ணீர் மேல்தொட்டிக்கு ஏறுகிறது. பில்லில் எதுவும் தெரிவதில்லை. பில்லில் தெரியாத செலவு செலவே இல்லை என்று நினைப்பதுதான் குடும்பங்களின் பெரிய ஏமாற்றம். அந்தப் பணத்தை அரசு கட்டுகிறது, மண் கட்டுகிறது, பக்கத்து ஊர் கட்டுகிறது. குடம் சுமக்கும் பெண் தன் இடுப்பால் கட்டுகிறாள். விலை இல்லாமல் இல்லை. கொடுப்பவர் வேறு ஆள், அவ்வளவுதான்.

நல்ல நீரின் மெல்லிய போர்வை

மணல் திட்டில் வாழ்பவர்களுக்கு இந்த விலை இன்னும் கூடுதல். கடலோர மணலில் மழை நீர் உள்ளே இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. எண்ணெய் தண்ணீரில் மிதப்பது போல. உப்புத் தண்ணீர் கனம் அதிகம், நல்ல நீர் கனம் குறைவு என்பதே காரணம். மணலில் கையால் தோண்டிய ஊற்றில் நல்ல தண்ணீர் கிடைப்பது இதனால்தான்.

இதற்கு ஒரு விதி உண்டு. கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவரின் பெயரால் அழைக்கப்படுவது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரம் நல்ல நீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது அடி வரை நல்ல நீர் இருக்கும். கேட்க மகிழ்ச்சிதான். ஆனால் அதே கணக்கு திரும்பவும் வேலை செய்யும். மோட்டார் போட்டு நீர் மட்டத்தை ஓர் அடி இறக்கினால், கீழேயிருந்து உப்பு நாற்பது அடி மேலே ஏறப் பார்க்கும். ஏறிய உப்பு நல்ல மழைகள் பல பெய்யாமல் இறங்காது. மீஞ்சூரில் நடந்தது பெரிய அளவில் இதேதான்.

ஆக, ஏரிக்கரைக் குப்பத்தில் ஒரு வீடு போர் போட்டு, மேல்தொட்டி வைத்து, பத்து லிட்டர் டேங்க் மாட்டினால் அது அந்த வீட்டு விவகாரம் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டு ஊற்றின் விவகாரம். ஊரின் விவகாரம்.

ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மாயமாய் மறைந்துவிடுவதில்லை. பத்து லிட்டர் சுத்தமான தண்ணீர் பத்து லிட்டர் சாக்கடையாக மாறி, குழிக்குள் இறங்குகிறது. மணல் அதை உறிஞ்ச வேண்டும். நீர் மட்டம் மேலே இருக்கும் இடத்தில் குழி எப்போதும் நிறைந்தே கிடக்கும். அதில் உள்ளது மணல் வழியாக ஊற்றுக்கும் ஏரிக்கும் நகரும். இறாலும் நண்டும் மடவையும் வளர்கிற ஏரி அது. பிழைப்பு அங்கே இருக்கிறது.

எண்ணப்பட்டது கழிவறை, எண்ணப்படாதது குடம்

2014 அக்டோபர் 2 அன்று தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியது. கிராமத்து வீட்டுக் கழிவறைக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை. சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து 2019 அக்டோபர் 2 அன்று, கிராமப்புற இந்தியா திறந்தவெளியில் மலம் கழிப்பதிலிருந்து விடுபட்டது என்று அறிவித்தார்கள். கழிவறை கட்டியது நல்ல காரியம். இருட்டும் வரை காத்திருந்த பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை ஆண்கள் எழுதும் கட்டுரைகளால் சொல்லிவிட முடியாது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

குறை வேறு இடத்தில். கழிவறைகளை எண்ணினார்கள். போட்டோ எடுத்துக் கணினியில் ஏற்றினார்கள். அந்தக் கழிவறைக்குள் எத்தனை குடம் தண்ணீர் வேண்டும், அதை யார் சுமப்பார் என்பதை அதே அக்கறையோடு எண்ணவில்லை. தண்ணீர் இல்லாத கழிவறை என்ன ஆகும்? விறகு அடுக்கும் அறையாகும். கிழிந்த வலை போடும் அறையாகும். 

அதே 2019-ல் ஜல் ஜீவன் திட்டம் வந்தது. கிராமத்து வீடுகளுக்குக் குழாயில் ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் தருவது இலக்கு. ஐந்து பேர் வீட்டுக்கு 275 லிட்டர். மேலே போட்ட கணக்கை இதன் பக்கத்தில் வையுங்கள். பத்து லிட்டர் டேங்குக்கு 250 லிட்டர். மிச்சம் 25 லிட்டர்! ஐந்து பேர் அதில்தான் குடிக்க வேண்டும், சமைக்க வேண்டும், குளிக்க வேண்டும், துவைக்க வேண்டும். சரிவுக் கோப்பையாக இருந்தால் கழிவறைக்கு 30 லிட்டர் போக 245 லிட்டர் கையில் நிற்கும்.

ஒரே வீடு, ஒரே குழாய், ஒரே தண்ணீர். எந்தக் கோப்பை என்பதில்தான் அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையே இருக்கிறது. ஆனால் வீடு கட்டும்போது கோப்பையைத் தேர்ந்தெடுப்பது யார்? பெரும்பாலும் கடைக்காரர். அல்லது கொத்தனார். "டவுனில் இதுதான் போடுறாங்க" என்ற ஒரு வார்த்தை போதும். கௌரவத்துக்காக வாங்கிய டேங்குக்குப் பிறகு ஆயுள் முழுவதும் குடம் சுமப்பது கௌரவம் பார்த்தவர் அல்ல.

யாரிடம் சொல்ல வேண்டிய சிக்கனம்?

இங்கே ஒரு நியாயமான கோபம் எழும். இரண்டு குடத்தில் காலம் தள்ளுகிற மீனவப் பெண்ணிடம் போய், "தண்ணீரைச் சேமி" என்று சொல்வதா? சுவரெல்லாம் "நீரைச் சேமிப்போம்" என்று எழுதுவது கிராமங்களில். பொத்தானை அழுத்திக் குளிர் அறைக்குத் திரும்புவது நகரங்களில்!

அந்தக் கோபம் சரியே. சிக்கனம் சொல்ல வேண்டியது டேங்க் இருக்கும் இடத்தில். குடம் இருக்கும் இடத்தில் அல்ல. குடம் இருக்கும் இடத்துக்குப் போதுமான தண்ணீர் வர வேண்டும். தண்ணீர் இல்லை என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் பெண்களிடம் இன்னும் சிக்கனம் பேசுவது கொடுமை. 

2019 கோடையில் சென்னையின் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வந்தது. ஒரு ரயிலில் 50 வேகன்கள், 25 லட்சம் லிட்டர். தொலைக்காட்சிகள் எல்லாம் காட்டின. வேலூர்ப் பக்கத்துத் தண்ணீர் சென்னைக்கு வருகிறதே என்று அந்தப் பக்கத்தில் வருத்தமும் எழுந்தது.

சென்னையில் ஒரு லட்சம் வீடுகள் பத்து லிட்டர் டேங்கை மாற்றி இரட்டைப் பட்டன் டேங்க் வைத்தால் வீட்டுக்கு 160 லிட்டர் வீதம் நாளைக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் லிட்டர் மிச்சம். ஆறு தண்ணீர் ரயில்! தினமும்! தண்டவாளம் இல்லாமல், எஞ்சின் இல்லாமல், யாருடைய ஊரையும் உறிஞ்சாமல். ஆறேகால் லட்சம் வீடுகள் மாறினால் 10 கோடி லிட்டர். அது ஒரு மீஞ்சூர் ஆலை. மீஞ்சூருக்குப் பிறகு நெம்மேலியில் 2013-ல் ஓர் ஆலை, 2024-ல் இன்னோர் ஆலை என்று கடற்கரை நெடுக ஆலைகள் வருகின்றன. அவற்றைக் கட்டும் பணத்தில் ஒரு பகுதியை டேங்க் மாற்றுவதற்கு மானியமாகத் தந்தால் என்ன?

"வீட்டுக்குள் வந்து டேங்கை மாற்றச் சொல்ல அரசுக்கு என்ன உரிமை" என்பார்கள். 2003-ல் இதே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்ததே! அப்போது வீட்டுக் கூரையில் கை வைக்க உரிமை இருந்தது. இப்போது டேங்கில் கை வைக்க இருக்காதா? அமெரிக்கா 1992-ல் இயற்றிய சட்டப்படி 1994-லிருந்து புதிய கழிவறைகளுக்கு ஒரு முறைக்கு 6 லிட்டர்தான் உச்ச வரம்பு. சிங்கப்பூரில் 2009-லிருந்து புதுக் கட்டடங்களில் இரட்டைப் பட்டன் டேங்க் கட்டாயம். அங்கெல்லாம் யாரும் நாற்றத்தில் வாழவில்லை.

வீட்டில் இன்றைக்கே செய்யக்கூடியவை

சட்டம் வரும்போது வரட்டும். வீடு காத்திருக்கத் தேவையில்லை. 

முதலில் கசிவு. டேங்க் தண்ணீரில் சில சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் யாரும் அழுத்தாமல் விட்டுப் பாருங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் அடைப்பான் கசிகிறது என்று அர்த்தம். நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி கசிந்தால் நாளைக்கு 288 லிட்டர்! பத்து லிட்டர் டேங்க் உள்ள வீட்டில் கழிவறைக்கு ஆகும் 250 லிட்டரைவிட அதிகம். வாஷர் மாற்ற ஆகும் செலவு அதன் முன்னால் ஒன்றுமில்லை.

இரண்டாவது, பழைய பெரிய டேங்காக இருந்தால் ஒரு லிட்டர் பாட்டிலில் மணலும் தண்ணீரும் நிரப்பி, மூடி, டேங்குக்குள் வைக்கலாம். மிதவையில் இடிக்காமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிச்சம். நாளைக்கு 25 லிட்டர். செங்கல் வைக்கக் கூடாது. கரைந்து அடைப்பானைக் கெடுக்கும். பாட்டில் வைத்த பிறகு இரண்டு முறை அழுத்த வேண்டி வந்தால் அந்தக் கோப்பைக்கு அது ஒத்துவரவில்லை, எடுத்துவிட வேண்டியதுதான்.

மூன்றாவது, சிறுநீருக்கு டேங்கைத் தொடாமல் ஒரு மக் தண்ணீர். இதற்கு ஒரு பைசா செலவில்லை. பழக்கம் மட்டும் வேண்டும்.

நான்காவது, துணி அலசிய கடைசித் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துக் கழிவறையில் வைத்துக்கொள்வது. அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். நாள் கணக்கில் வைத்தால் நாற்றமும் கொசுவும்தான் மிச்சம். கால் கழுவ அந்தத் தண்ணீரை எடுக்கக் கூடாது.

ஐந்தாவது, புதிதாகக் கட்டுபவர்களுக்கு. கோப்பை வாங்கும்போது அடியில் 25 முதல் 28 டிகிரி சரிவும், 20 மில்லிமீட்டர் நீர் அடைப்பும் உள்ள கிராமியக் கோப்பையைக் கேட்டு வாங்க வேண்டும். சரிவு அதிகம் என்பதால் ஒன்றரை, இரண்டு லிட்டரிலேயே கீழே போய்விடும். இரண்டு உறைக் குழிகள் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் மூடிய குழி எருவாகிவிடும். பிந்தேஸ்வர் பாதக் 1970-ல் தொடங்கிய சுலப் இயக்கம் நாடு முழுவதும் பரப்பியது இந்த முறையைத்தான். மணல் பாங்கான ஏரிக்கரையில் குழியின் அடியைச் சிமென்டால் அடைத்து, சுற்றிலும் அரை மீட்டருக்கு நுண்மணல் போட்டு, ஊற்றிலிருந்தும் கிணற்றிலிருந்தும் குறைந்தது பத்து மீட்டர் தள்ளி வைக்க வேண்டும்.

ஆறாவது, உப்புத் தண்ணீர். குடிக்க உதவாத உப்பு போர் தண்ணீர் ஏற்கெனவே இருக்கும் வீடுகளில் கழிவறைக்கு அதை மட்டும் தனிக் குழாயில் விடலாம். ஹாங்காங் நகரம் 1950களிலிருந்து கழிவறைகளுக்குக் கடல் நீரையே பயன்படுத்துகிறது. இன்று அந்நகர மக்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இப்படித்தான். இரும்புக் குழாய் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் குழாய் வேண்டும். உப்புத்தானே என்று அளவில்லாமல் ஊற்றக் கூடாது. குழி நிறைவது உப்புத் தண்ணீரிலும் ஒன்றே.

ஏழாவது, நீர் மட்டம் மிக மேலே உள்ள இடங்களுக்குத் தண்ணீரே ஊற்றாத கழிவறை. திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் இதைச் செய்து காட்டியது. மலம், சிறுநீர், கழுவும் நீர் மூன்றும் தனித்தனியாகப் போகும். மேலே சாம்பல் தூவ வேண்டும். தரைக்கு மேலே கட்டிய அறையில் காய்ந்து எருவாகும். கழிவறையைப் பயன்படுத்தியவர்களுக்கே காசு கொடுத்து உலகச் செய்திகளில் வந்த ஊர் முசிறி! அந்த முயற்சியின் பின்னால் இருந்த மராச்சி சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இதில் பராமரிப்பு அதிகம். எல்லோருக்கும் ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏரி ஓரத்து மணலுக்கு இதைவிடப் பாதுகாப்பானது குறைவு.

முடிவாக

"தண்ணீர் குறைத்தால் சுத்தம் போய்விடும்" என்பவர்களுக்கு ஒரே பதில். சுத்தம் என்பது எத்தனை லிட்டர் ஊற்றினோம் என்பதில் இல்லை. கோப்பையின் சரிவில் இருக்கிறது, கை கழுவும் சோப்பில் இருக்கிறது, குழியின் தூரத்தில் இருக்கிறது. பத்து லிட்டர் என்பது சுத்தத்தின் அளவு அல்ல. யோசிக்காமல் செய்த வடிவமைப்பின் அளவு.

சிறுதுளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டும் பொருந்துகிற பழமொழி அல்ல. விரயத்துக்கும் பொருந்தும். நாளைக்கு 25 முறை அழுத்தும் பட்டன்கள் எல்லாம் சேர்ந்துதான் மீஞ்சூரை உப்பாக்கின ஊற்றுகளிலும், காட்டுப்பள்ளிக் கரையில் நிற்கும் ஆலையிலும் போய் முடிகின்றன. கழிவறை கட்ட 12,000 ரூபாய் தந்த அரசு, எந்தக் கோப்பை, எத்தனை லிட்டர், எந்தக் குழாய் என்று கேட்கத் தொடங்க வேண்டும். நகரத்து வீடுகளுக்கு மீட்டர் வைத்து, அளவுக்கு மேல் செலவழிப்பவரிடம் அதற்கேற்ற விலை வாங்க வேண்டும். அந்தப் பணம் முதலில் போக வேண்டிய இடம், தண்ணீர் எடுக்கப்பட்ட ஊர்களின் குழாய்களுக்கு.

அதுவரை, அனுப்பம்பட்டிலும் பழவேற்காட்டிலும் புது வீடு கட்டுகிறவர்கள் ஒன்றை மட்டும் செய்யலாம். கோப்பை வாங்கக் கடைக்குப் போகும்போது வீட்டில் குடம் தூக்குகிறவரையும் கூட அழைத்துப் போகட்டும். அவர் சரியானதைத் தேர்ந்தெடுப்பார்.